சுழற்றி எடுக்கும் பி.சி.வி.: எண் எங்கே தவறுகிறது? (அனுபவப் பகிர்வு)

ரங்கூன் லேப்காரர்

மழை இறங்கியதும் டெங்குப் பிள்ளைகளின் ரத்தம் ஒரே நாளில் மூன்று நான்கு தடவை லேபுக்கு வரத் தொடங்கிவிடும். வார்டில் கேட்பது ஒரே எண்தான்: பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. காலையில் 38, சாயங்காலம் 46 என்றால் ஏறியது 8 புள்ளி. 38-க்கு 8 என்பது 21 சதவீதம். அடிப்படை அளவைவிட 20 சதவீதமோ அதற்கு மேலோ ஏறினால் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ரத்தக் குழாயிலிருந்து கசிகிறது என்று எடுத்துக்கொண்டு டாக்டர் டிரிப் வேகத்தை மாற்றுவார். அதனால் இரண்டு எண்ணும் ஒரே விதமாக அளந்தவையாக இருக்க வேண்டும். மேசையில் உண்டான ஏற்றத்தைப் பிள்ளையின் உடம்பில் உண்டான ஏற்றமாக யாரும் படித்துவிடக் கூடாது. உங்கள் ஊர் லேபுகளில் எண் எங்கே தவறுகிறது, ஏன் என்று எழுதுங்கள்.

முறை இதுதான்: மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, சென்ட்ரிஃப்யூஜ் என்ற சுழற்றும் மெஷினில் ஓட்டினால் சிவப்பணுக்கள் தூணாகப் படியும். மொத்த ரத்தத்தில் அந்தத் தூண் எத்தனை சதவீதமோ அதுவே பி.சி.வி. குழாயிலிருந்து தொடங்குகிறேன். 75 மி.மீ. நீளக் கேப்பில்லரி. சிவப்பு வளையம் போட்டதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பூசியிருக்கும். விரல்நுனி ரத்தத்துக்கு அதுதான். நீல வளையம் வெறும் குழாய், இ.டி.டி.ஏ. (இதுவும் உறையாமல் தடுக்கும் மருந்து) ஏற்கனவே கலந்த ரத்தத்துக்கு. நீலத்தில் விரல் ரத்தத்தை எடுத்தால் சுழற்றுவதற்குள் உறையத் தொடங்கிவிடும். முக்கால் குழாய் வரை ரத்தம் ஏற வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு குழாய், எதிரெதிர்ப் பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவே 1 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் சராசரி எடுக்காதீர்கள், திரும்பச் செய்யுங்கள்.

மோல்மீன்காரன்

அண்ணே, எங்கள் பக்கம் முதல் எதிரி வோல்டேஜ்தான். 230 வரவேண்டிய இடத்தில் 180 வந்தாலும் பழைய சென்ட்ரிஃப்யூஜ் ஓடும், டைமரும் 5 நிமிடத்தில் அடிக்கும். வேகம் மட்டும் குறைந்திருக்கும். விசையோ வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. தட்டின் ஆரம் 8.5 செ.மீ. என்று வையுங்கள்: நிமிடத்துக்கு 12,000 சுற்றில் சுமார் 13,700 ஜி (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு), 10,000 சுற்றில் 9,500 ஜி. வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்ததற்கு விசையில் 30 சதவீதம் போய்விட்டது. நமக்கு 10,000 முதல் 15,000 ஜி வரை 5 நிமிடம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அணுக்களின் இடுக்கில் பிளாஸ்மா தங்கி, சிவப்புத் தூண் உயரமாக நிற்கும். பி.சி.வி. பொய்யாக ஏறும்.

ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டவே கூடாது. லைன் கரண்டிலும் ஜெனரேட்டரிலும் தனித்தனியாக டேக்கோமீட்டர் (சுற்று வேகத்தை அளக்கும் கருவி) வைத்து வேகத்தைப் பாருங்கள். அது இல்லாத இடத்தில் இப்படிச் சோதிக்கலாம்: பி.சி.வி. 50-க்குக் கிட்டே உள்ள ஒரே ரத்தத்தில் பல குழாய்கள் நிரப்பி 3, 4, 5, 6, 7 நிமிடம் எனத் தனித்தனியாகச் சுழற்றுங்கள். எந்த நிமிடத்துக்குப் பிறகு எண் இறங்காமல் நிற்கிறதோ அதுவே அந்த மெஷினுக்குக் குறைந்தபட்ச நேரம். 6 நிமிடத்துக்கும் 7-க்கும் இன்னும் இறங்குகிறது என்றால் வேகம் போதவில்லை.

நடுவில் கரண்ட் போனால் மிச்ச நேரத்தைக் கூட்டி ஓட்ட வேண்டாம். புதுக் குழாய் நிரப்பிவிடுங்கள்.

பெகு அக்கா

தம்பி சொன்னது சரி. ஆனால் டெங்குவில் எண் பொய்யாக இறங்குவதுதான் எனக்குப் பெரிய பயம். ஏற்றத்தையே அது மறைத்துவிடும். நாடி தளர்ந்த பிள்ளைக்கு ரத்தம் சரியாக வராது. 2 மி.லி. இ.டி.டி.ஏ. குழாயில் அரை மி.லி. மட்டும் விட்டு அனுப்புவார்கள். மருந்து நாலு மடங்கு ஆகிவிட, சிவப்பணுக்கள் நீரை இழந்து சுருங்குகின்றன. சுழற்றினால் தூண் குட்டையாக நிற்கும், உண்மையில் 46 இருக்கும்போதே எண் குறைவாக வரும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு விரலில் குத்திச் சிவப்பு வளையக் குழாயில் நேராக எடுப்பது எவ்வளவோ மேல்.

விரலைப் பிதுக்கக் கூடாது. குளிர்ந்த விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அதுவும் எண்ணை இறக்கும். வெதுவெதுப்பான துணியைச் சுற்றிவையுங்கள், முதல் சொட்டைத் துடையுங்கள், அடுத்த சொட்டு தானாகத் திரளட்டும். கையில் டூர்னிகே (ரத்தம் எடுக்க இறுக்கிக் கட்டும் பட்டை) ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டியிருந்தால் நேர் எதிர்: ரத்தம் அடர்ந்து எண் ஏறும். இ.டி.டி.ஏ. குழாயை எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காமல் எடுத்தால் எந்தப் பக்கம் தவறும் என்றே சொல்ல முடியாது.

தட்டோன்

சீல் களிமண் 4 முதல் 6 மி.மீ. ஆழம் இறங்க வேண்டும். குழாயைச் செங்குத்தாக நிறுத்திச் சுற்றிக்கொண்டே அழுத்துங்கள். அடைத்த முனை வெளிப்பக்கம், ரப்பர் வளையத்தை ஒட்டி. முன்பு உடைந்த குழாயின் கண்ணாடித் துகள் ரப்பரில் புதைந்திருந்தால் சீல் கசியும். பிளாஸ்மாவைவிடச் சிவப்பணுதான் அதிகம் வெளியேறும் என்பதால் எண் இறங்கும். ரப்பரில் சிவப்புக் கறை தெரிந்தால் அந்தக் குழாயின் எண்ணைப் பதியவே பதியாதீர்கள்.

நின்றதும் 10 நிமிடத்துக்குள் படித்துவிடுங்கள். படுக்க வைத்தால் மட்டம் சாய்ந்துவிடும். ரீடரில் (குழாயை வைத்துப் படிக்கும் அளவுத் தட்டில்) களிமண்ணும் சிவப்பும் சேரும் இடம் 0, பிளாஸ்மாவின் மேல்விளிம்பு 100. சிவப்புக்கு மேலே உள்ள சாம்பல் வெள்ளைப் பட்டை பஃபி கோட், அதாவது வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்த அடுக்கு, அதைச் சேர்க்கக் கூடாது. பட்டை வழக்கத்தைவிடத் தடித்திருந்தால் வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். பிளாஸ்மா சிவந்திருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன. மாதிரியை மறுபடி கேளுங்கள்.

ரங்கூன் லேப்காரர்

பெரிய ஆஸ்பத்திரியில் செல் கவுண்டரும் சின்ன கிளினிக்கில் சென்ட்ரிஃப்யூஜும் இருப்பதால் வரும் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். செல் கவுண்டர் எதையும் சுழற்றுவதில்லை. அணுக்களை எண்ணி, சராசரிப் பருமனால் பெருக்கிக் கணக்குப் போட்டுத் தருகிறது. சுழற்றியதில் 1 முதல் 3 சதவீதம் வரை சிக்கிய பிளாஸ்மா எப்போதும் இருக்கும். ஆகவே ஒரே ரத்தத்துக்குச் சுழற்றிய எண் சற்றுக் கூடவே நிற்கும். காலையில் செல் கவுண்டர், ராத்திரி சென்ட்ரிஃப்யூஜ் என்று மாற்றினால் ஏற்றத்தில் ஒரு பங்கு முறை மாறியதிலேயே வந்துவிடும்.

நம் பர்மாவில் தலசீமியாவும் ஹீமோகுளோபின் ஈ-யும் (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடுகள்) நிறைய. அந்தச் சிறிய, வெளிறிய அணுக்கள் நெருங்கி அடங்காது, பிளாஸ்மா இன்னும் அதிகமாகச் சிக்கும். ஹீமோகுளோபினை 3-ஆல் பெருக்கிப் பி.சி.வி.யைச் சரிபார்க்கும் வழக்கமும் இவர்களுக்குப் பொருந்தாது. 9 கிராமுக்கு 31 வந்தால் உடனே சென்ட்ரிஃப்யூஜைக் குறை சொல்லாமல் கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சு போட்டு மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பாருங்கள்.

மோல்மீன்காரன்

50-க்கு மேல் வந்தால் அண்ணே?

ரங்கூன் லேப்காரர்

இன்னும் 5 நிமிடம் சுழற்றுங்கள் தம்பி. அடர்ந்த ரத்தம் அடங்க நேரம் பிடிக்கும். இரண்டாம் எண்ணைப் பதிந்து, பக்கத்தில் "10 நிமிடம், சுழற்றியது" என்றும் ரத்தம் எடுத்த மணியையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த ஷிப்டில் இருப்பவரும் அதே மாதிரி ஓட்ட வேண்டும்.