கறுப்புச் சட்டை வீட்டுப் பிள்ளை எங்கே போய்க் கும்பிடுவது?

கேள்வி: அப்பா கறுப்புச் சட்டைக்காரர். வீட்டில் சாமி படமே கிடையாது. சாதி கூடாது என்று அவர் சொன்னதை இன்றும் நம்புகிறேன். ஆனாலும் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. ஒரு பஜனைக் குழுவில் சேர்ந்தேன். இரண்டாம் வாரமே "நீங்க என்ன ஆளுங்க?" என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். விழுப்புரம் பக்கம் என்னைப்போல் யாராவது உண்டா?

பதில்: வடலூர் போங்கள். 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிகிறது. சாதி, மதம் கேட்காமல் சோறு போடுகிறார்கள். முதலில் காய் நறுக்க உட்காருங்கள், பேச்சு தானாக வரும்.

இன்னொருவர்: தைப்பூசத்தில் பெருங்கூட்டம். மாதப் பூசத்துக்குப் போங்கள், தம்பி.

கேட்டவர்: போனேன் அண்ணா. பூசணிக்காய் நறுக்கினேன். பக்கத்திலிருந்த அம்மா "சாப்டியா?" என்று மட்டும்தான் கேட்டார். அடுத்த பூசத்துக்கு அப்பாவும் வருகிறார், பரிமாற மட்டுமாம். சரி, அதுவே போதும் எனக்கு.