பொருள்: சிபிஆருக்குத் தமிழில் என்ன? வியாழன் காலைக்குள் வேண்டும்

குளச்சல் டீச்சர் | செவ்வாய் இரவு 9.20

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம். சனிக்கிழமை எங்கள் பள்ளியில் முதலுதவிப் பயிற்சி. பிளஸ் ஒன் பிள்ளைகளோடு, கடலுக்குப் போகிற அண்ணன்மார் முப்பது பேரும் வருகிறார்கள். பிளக்ஸ் கடைக்காரர் வியாழன் காலை பதினொன்றுக்குள் வாசகம் கேட்கிறார். மேலே 'முதலுதவி' என்று போட்டாயிற்று. அதன் கீழே, இதயம் நின்று விழுந்தவருக்குச் செய்கிற சிபிஆரைத் தமிழில் போட வேண்டும்.

'இதய நுரையீரல் புத்துயிர்ப்பு' என்று எழுதி வகுப்பில் வாசித்துப் பார்த்தேன். "டீச்சர், உயிர்ப்பு ஞாயிறு முடிஞ்சு போச்சே" என்றாள் ஒரு பிள்ளை. எங்கள் கரையில் உயிர்ப்பு என்றால் ஈஸ்டர்தான். பிளக்ஸில் போட்டால் தியானக் கூட்டம் என்று நினைத்து ஜெபமாலையோடு வருவார்கள். வேறு சொல் தாருங்கள்.

வடசேரி பேராசிரியர் (ஓய்வு) | செவ்வாய் இரவு 11.05

டீச்சர் அவசரப்பட்டு நல்ல சொல்லைக் கைவிட வேண்டாம். உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல். பெருமூச்சுக்கு நெட்டுயிர்ப்பு என்று பெயர் இருப்பதை மறந்துவிட்டோமா? உயிர் என்ற பெயரே மூச்சிலிருந்து கிளைத்தது என்பது என் துணிபு. எழுத்துக்கும் இதே கணக்குதான். "மெய்யின் இயக்கம் அகரமொடு சிவணும்" என்கிறது தொல்காப்பியம். உயிர் சேர்ந்தால்தான் மெய் இயங்கும். விழுந்து கிடக்கும் மெய்க்கு மூச்சைக் கொடுத்து இயக்குவதற்கு 'மெய்யியக்கம்' என்றே பெயர் வைக்கலாம். அந்த நூலைக் கேட்டு ஒப்புக்கொண்ட அதங்கோட்டாசான் நம் விளவங்கோட்டுப் பக்கத்துக்காரர் என்று மேடைதோறும் பேசுகிறோம். அவர் மாவட்டத்திலேயே ஆங்கில எழுத்து மூன்றை பிளக்ஸில் ஏற்றுவதா?

மார்த்தாண்டம் மொழிபெயர்ப்பாளர் | புதன் காலை 7.15

ஐயா, மெய்யியக்கம் என்றால் யோகா வகுப்பு என்பார்கள். 'உயிர் மீட்பு' எப்படி? மீட்புப் படகு, மீட்புப் பணி எல்லாம் மக்கள் வாயில் இருக்கிறது. கைப்பேசிச் செயலி ஒன்றுக்கு எனக்கும் இந்தச் சொல் தேவை. ஆளுக்கொன்று எழுதினால் தேடுபெட்டியில் எதுவும் கிடைக்காது.

குளச்சல் டீச்சர் | புதன் காலை 7.40

தம்பி, மீட்பு, மீட்பர் எல்லாம் பூசையில் வாரம் தவறாமல் கேட்கிற சொற்கள். எங்கள் ஊரில் எந்தச் சொல்லைத் துரத்தினாலும் அது கோயில் வாசலில் போய்த்தான் நிற்கிறது.

தக்கலை செவிலியர் | புதன் மதியம் 2.10

இரவுப் பணி முடிந்து இப்போதுதான் எழுந்தேன். கோயிலை விடுங்கள். புத்துயிர்ப்பு, மீட்பு இரண்டிலும் எனக்கு வேறு குறை உண்டு. ஆள் எழுந்துவிடுவார் என்று அவை வாக்குக் கொடுக்கின்றன.

இதயம் நின்றுவிட்டால் மூளைக்கு ரத்தம் போகாது. நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். நாம் நெஞ்சை அமுக்கும்போது இதயம் செய்ய வேண்டிய வேலையை நம் கை செய்கிறது. 108 வரும்வரை, மின்னதிர்ச்சிக் கருவி வரும்வரை ரத்தத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். எழுந்தவர்களும் உண்டு, எழாதவர்களே அதிகம். தன் அண்ணனுக்குச் செய்து பலிக்காமல் போன ஒருவரை எனக்குத் தெரியும். 'உயிர்கொடுக்கிற வித்தையாமே, எனக்குத் தெரியாமப் போச்சே' என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் செய்தது சரிதான். அந்தச் சொல்தான் அவரைத் தோற்றவராக்கியது. கை என்ன செய்கிறதோ அதைச் சொல்லுகிற சொல் போதும்.

மார்த்தாண்டம் மொழிபெயர்ப்பாளர் | புதன் மதியம் 2.35

அப்படியானால் 'நெஞ்சழுத்தம்'. சின்னச் சொல், தமிழ்ச் சொல்.

வடசேரி பேராசிரியர் | புதன் மதியம் 3.00

தம்பிக்கு நெஞ்சழுத்தம் அதிகம்தான்! நெஞ்சழுத்தக்காரன் என்றால் யார் சொல்லியும் கேட்காதவன். 'மார்பழுத்தல்' என்று வைக்கலாம்.

தக்கலை செவிலியர் | புதன் மதியம் 3.20

நெஞ்சழுத்தம் வேண்டாம். 'நெஞ்சு அழுத்தமா இருக்கு சிஸ்டர்' என்றுதான் மாரடைப்போடு வருபவர்களே சொல்வார்கள். மார்பு என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஒரு பெண் விழுந்தால் சுற்றி நிற்கும் ஆண்கள் கைவைக்கத் தயங்குகிறார்கள், அந்தச் சொல் தயக்கத்தை இன்னும் கூட்டும். நெஞ்சு போதும். அதிலும் நடுநெஞ்சு. நெஞ்சுக்குழியில் கைவைக்கக் கூடாது, அதற்குச் சற்று மேலே எலும்பின் மேல்தான். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம் இறங்க வேண்டும். அழுத்து என்றால் பிள்ளைகள் அழைப்புமணியை அழுத்துவதுபோல் அழுத்துகிறார்கள். 'அமுக்குலே' என்றால்தான் தோளிலிருந்து பலம் வருகிறது.

வடசேரி பேராசிரியர் | புதன் மாலை 5.15

அமுக்குதல் கொச்சை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தூக்கத்தில் வரும் அமுக்குவான் பேய் நினைவுக்கு வராதா? போகட்டும். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவம் முழுவதையும் தமிழில் கற்பித்தார். ஒற்றைச் சொல்லுக்கு நாம் இரண்டு நாளாகத் திணறுகிறோம்.

இன்னொன்று. நிமிடத்துக்கு எத்தனை முறை அமுக்க வேண்டும்? கரையில் நின்று வலை இழுக்கும் நம் கரமடிக்காரர்களின் 'ஏலேலோ ஐலசா' தாளம் பொருந்துமா? ஐலசா என்பதன் வேரைப் பற்றி நான் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். ஐ என்றால்…

தக்கலை செவிலியர் | புதன் மாலை 5.40

ஐயா, ஐலசா பிறகு. அது மூச்சைப் பிடித்து இழுக்கிற தாளம், இதற்கு மிக மெதுவானது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. 30 அமுக்கு, 2 மூச்சு. எண்ணுவதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, கலைச்சொல் குழுமம் அதைத் தீர்த்தால் புண்ணியம். அமுக்கு ஒன்றுக்கு அரை நொடிதான். 'இருபத்தொன்பது' என்று சொல்லி முடிப்பதற்குள் கை நின்றுவிடுகிறது. அதனால் பத்துப் பத்தாக மூன்று தடவை எண்ணச் சொல்கிறேன்.

அப்புறம், நெஞ்சமுக்கல் என்று மட்டும் போட்டால் உங்கள் ஊருக்குப் போதாது டீச்சர். நடந்துபோகிறவர் திடீரென்று விழுந்தால், பயிற்சி இல்லாதவர் நெஞ்சை மட்டும் அமுக்கினாலும் பயன் உண்டு. கடலில் மூழ்கியவருக்கு முதல் குறையே காற்று. மூச்சில்லை என்று தெரிந்ததும் மூச்சூட்டித்தான் தொடங்குவோம். குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், நேரம்தான் போகும்.

மார்த்தாண்டம் மொழிபெயர்ப்பாளர் | புதன் இரவு 8.30

'நெஞ்சமுக்கி மூச்சூட்டல்'. முடித்துவிடலாமா?

வடசேரி பேராசிரியர் | புதன் இரவு 9.10

முடியாது. 'அமுக்கி' வினையெச்சம். அமுக்குவது முன்னும் மூச்சூட்டுவது பின்னும் என்று வரிசை கட்டிவிடும். கடலில் மூழ்கியவருக்கு மூச்சு முதலில் என்று சிஸ்டர் இப்போதுதான் சொன்னார். 'நெஞ்சமுக்கல் மூச்சூட்டல்' என்று உம்மைத்தொகையாக வையுங்கள். இராப்பகல்போல. எது முன், எது பின் என்ற வழக்கு வராது.

தக்கலை செவிலியர் | புதன் இரவு 9.25

இலக்கணம் ஒரு உயிரைக் காப்பாற்றி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. எனக்குச் சம்மதம்.

மார்த்தாண்டம் மொழிபெயர்ப்பாளர் | புதன் இரவு 9.50

எனக்கும். ஆனால் செயலியில் 'சிபிஆர்' என்றே இருக்கும், விளக்கத்தில்தான் இது வரும். 'முதலுதவி' நிலைத்ததற்குக் காரணம் தூய்மை இல்லை. நாக்கில் நின்றது, நிலைத்துவிட்டது.

குளச்சல் டீச்சர் | வியாழன் காலை 11.30

எல்லோருக்கும் நன்றி. 'சிபிஆர்' பெரிதாக, கீழே 'நெஞ்சமுக்கல் மூச்சூட்டல்' என்று அனுப்பினேன். கடைக்காரர் சரிபார்க்க அனுப்பிய படத்தில் 'நெஞ்ச முக்கல் மூச்சூட்டல்' என்று இருக்கிறது. முக்கல் முனகல் எல்லாம் சேர்ந்து பிரசவ வார்டுபோல ஆகிவிட்டது. இடைவெளியை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் இப்போதே அதை 'அமுக்கு வகுப்பு' என்றுதான் சொல்கிறார்கள்.

வடசேரி பேராசிரியர் | வியாழன் மதியம் 12.15

ஆங்கில எழுத்து பெரிதாகவும் தமிழ் சிறிதாகவும் இருப்பதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். உயிர்ப்பை நான் இன்னும் விட்டுவிடவில்லை, தனிமடலில் தொடர்வேன். சனிக்கிழமை நானும் வருகிறேன். தரையில் முட்டுப்போட என்னால் முடியாது, பொம்மையை ஒரு பெஞ்சில் வைக்க முடியுமா என்று சிஸ்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.