பாலு பெரியப்பா அனுப்பிய கல்யாணப் பத்திரிகை

வாட்ஸ்அப் குழு: வில்லிவாக்கம் வீடு
12, வியாழன்

காலை 7:12
பாலு பெரியப்பா: [கோப்பு: கல்யாணப்பத்திரிகை.ஏபிகே]
பாலு பெரியப்பா: எங்கள் இல்லத் திருமணத்துக்கு அவசியம் வரவும். பத்திரிகையைத் திறந்து பார்க்கவும்.

மீனா அத்தை: யாருக்குக் கல்யாணம்?
மீனா அத்தை: ரம்யாவுக்கா??
முரளி மாமா: வாழ்த்துகள் மச்சான்
மீனா அத்தை: அண்ணா, கூடப்பிறந்தவளுக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகையா? லதா கல்யாணத்துக்கும் நாங்கள்தான் கடைசியாகக் கேள்விப்பட்டோம். பரவாயில்லை. மாப்பிள்ளை எந்த ஊர்?
ரம்யா: எனக்கா?
ரம்யா: எனக்கே இப்போதுதான் தெரியும் அத்தை

முரளி மாமா: திறக்க மாட்டேன் என்கிறது. ஏதோ ஆப், அனுமதிக்கவா என்று கேட்கிறது. கொடுக்கட்டுமா?
கார்த்திக்: வேண்டாம் மாமா
கார்த்திக்: யாரும் தொடாதீர்கள்!!
கார்த்திக்: பத்திரிகை என்றால் படமாக வரும், இல்லை பிடிஎஃப்பாக வரும். பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருக்கிறது பாருங்கள். அது ஆப். போனில் ஏறிவிட்டால் எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் படிக்கும், ஓடிபி உட்பட
முரளி மாமா: நான் அழுத்தவில்லை
முரளி மாமா: அழுத்தவில்லை என்றுதான் நினைக்கிறேன்
கார்த்திக்: மாமா!
மீனா அத்தை: அழுத்தவில்லை. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எந்தப் பட்டனும் தெரியாது.

7:34
லதா: அப்பா போனை எடுக்கவில்லை. லேண்ட்லைனில் அம்மாவைப் பிடித்தேன். நேற்று ராத்திரி அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர் எண்ணிலிருந்து இதே பத்திரிகை வந்திருக்கிறது. அவர் பையனுக்குக் கல்யாணம் என்று நினைத்து, கேட்ட இடத்திலெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறார். ஒன்றும் திறக்கவில்லையாம், படுத்துவிட்டார்.
லதா: காலையில் பால்காரருக்கு ஜிபே பண்ணப் போனால் இருப்பு 612 ரூபாய் காட்டுகிறது
லதா: 5:40க்கு 20,000. 5:43க்கு 19,500.
மீனா அத்தை: ஐயோ
ரம்யா: அப்பா எப்படி இருக்கிறார்?
லதா: பால்காரரிடம் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்ல வேண்டி வந்ததே என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம்

ரவி சித்தப்பா: சைபர் மோசடிப் புகார் எண் 155260க்கு உடனே கூப்பிடச் சொல்
கார்த்திக்: அது பழைய எண் சித்தப்பா. இப்போது 1930
ரவி சித்தப்பா: ஆமாம், 1930. லதா, கவனமாகப் படி. முதலில் அந்தப் போனில் நெட்டை அணைத்து சிம்மைக் கழற்ற வேண்டும். ஆப்பை அழிக்கிறேன், போனை ரீசெட் பண்ணுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், அதில்தான் சாட்சியே இருக்கிறது. இரண்டாவது, லேண்ட்லைனிலிருந்து 1930. கணக்கு எண், எத்தனை மணி, எவ்வளவு, பரிவர்த்தனை எண், எல்லாம் கேட்பார்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து இன்னும் வெளியே எடுக்கப்படவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி வைக்க முடியும். அதனால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். மூன்றாவது பேங்க். கணக்கை முடக்கச் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். வாங்கிய மணியையும் எழுதி வைக்க வேண்டும்.
லதா: சரி
மீனா அத்தை: பேங்க் நம்பர் நான் கூகுளில் எடுத்துவிட்டேன், போடவா?
கார்த்திக்: எதில் ஆரம்பிக்கிறது அத்தை?
மீனா அத்தை: சாதாரண செல் நம்பர் மாதிரிதான் இருக்கிறது
கார்த்திக்: வேண்டாம். ஏடிஎம் கார்டின் பின்பக்கம் இருக்கிற எண்ணுக்குத்தான் பேச வேண்டும். கூகுளில் வருவதில் பல, திருடர்களே போட்டு வைத்தது
மீனா அத்தை: ஒன்றையும் நம்ப முடியவில்லை போ

முரளி மாமா: அந்தக் கணக்கில்தானே உங்கள் பாட்டி திதிக்கு வசூலித்த பணமும் இருந்தது?
லதா: ஆமாம் மாமா. வீட்டுக்கு 4,000, நாலு வீடு
முரளி மாமா: நல்ல வேளை, நான் இன்னும் அனுப்பவில்லை
ரவி சித்தப்பா: அந்த நல்ல வேளை வருஷா வருஷம் வருகிறதே மாமா
மீனா அத்தை: ரவி, காலையிலேயே ஆரம்பிக்காதே
ரவி சித்தப்பா: நான் போன வருஷமே சொன்னேன் அக்கா. பென்ஷன் கணக்கு வேறு, ஜிபே கணக்கு வேறாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஜிபே கணக்கில் ஐயாயிரத்துக்கு மேல் வைக்காதே என்றேன். தம்பி சொன்னால் அண்ணனுக்குக் காதில் விழாது.
மீனா அத்தை: திதி என்றதும் ஞாபகம் வந்தது. அம்மாவின் வெள்ளிக் குத்துவிளக்கு இப்போது யார் வீட்டில்?

மீனா அத்தை: யாரும் பதில் சொல்ல மாட்டீர்களே

8:20
லதா: அம்மா 1930ல் பேசிவிட்டாள். பேங்கிலும் சொல்லியாயிற்று. நான் வேளச்சேரியிலிருந்து கிளம்பிவிட்டேன். பணம் திரும்பி வருமா சித்தப்பா?
ரவி சித்தப்பா: முப்பத்தினாலு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன், கேள். ரிசர்வ் பேங்க் 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை போட்டது. தப்பு பேங்கிலும் இல்லை, நம்மிடமும் இல்லை, நடுவில் வேறு எங்கோ நடந்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. நாலிலிருந்து ஏழு நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 வரை நம் தலையில் விழும். தகவல் வந்த நாள் கணக்கில் சேராது. நாளை ஒன்று. சனிக்கிழமை இரண்டாவது சனி, லீவு. ஞாயிறு திதி. திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று.
கார்த்திக்: அதற்காகச் செவ்வாய் வரை இருக்க வேண்டாம் சித்தப்பா
ரவி சித்தப்பா: இருக்கச் சொன்னேனா? இன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும். இன்னும் முடிக்கவில்லை. சிக்கல் எங்கே என்றால், பின் நம்பரையோ பாஸ்வேர்டையோ நாமே கொடுத்திருந்தால் அது நம் கவனக்குறைவு. புகார் சொல்லும் வரை போனது முழுக்க நம் நஷ்டம். சொன்ன பிறகு போவது பேங்கின் நஷ்டம். அதற்குத்தான் மணியைக் குறிக்கச் சொன்னேன். அண்ணன் ஓடிபியை யாருக்கும் படித்துக் காட்டவில்லை, ஆப் திருடியது. தப்பு வாடிக்கையாளர் மேல் என்று பேங்க்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் அனுமதி கொடுத்தாரே என்று இழுப்பார்கள். நானாக இருந்தாலும் அந்த நாற்காலியில் இழுத்திருப்பேன்.
முரளி மாமா: சுருக்கமாக?
ரவி சித்தப்பா: வரலாம். வராமலும் போகலாம்.
ரம்யா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சித்தப்பா

9:50
சரோஜா பெரியம்மா: நான் பாலு. சரோஜா போனிலிருந்து எழுதுகிறேன். என் போன் அணைந்திருக்கிறது. சமையல்காரருக்கு 5,000 அட்வான்ஸ் இன்றே தர வேண்டும். யாராவது உடனே அனுப்ப முடியுமா?
மீனா அத்தை: அண்ணி போனையும் பிடித்துவிட்டார்களா!
கார்த்திக்: யாரும் அனுப்பாதீர்கள்
லதா: நான் இன்னும் கோயம்பேட்டிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். லேண்ட்லைன் வேறு பிஸியாக இருக்கிறது
சரோஜா பெரியம்மா: நான்தான் எழுதுகிறேன்
மீனா அத்தை: எல்லாத் திருடனும் அதைத்தான் சொல்வான்
ரவி சித்தப்பா: அண்ணன்தான் என்றால் ஒரு கேள்வி. அப்பா கடைசியாக வாங்கிய சைக்கிள் என்ன நிறம்?
சரோஜா பெரியம்மா: பச்சை. 1986ல் முரளி மாப்பிள்ளை இரண்டு நாளைக்கு என்று ஓட்டிக்கொண்டு போனார். இன்னும் வரவில்லை.
மீனா அத்தை: அண்ணனேதான்
முரளி மாமா: அது திருடு போய்விட்டது என்று எத்தனை தடவை சொல்வது மச்சான்
சரோஜா பெரியம்மா: 1930ல் கொடுத்த புகார் எண்ணைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன். மத்தியானம் கிளைக்குப் போய்க் கடிதம் கொடுக்கிறேன். ரவி, உனக்கு நேரம் இருந்தால் கூட வா.
ரவி சித்தப்பா: வருகிறேன் அண்ணா. பாஸ்புக்கை எடுத்து வையுங்கள். கடிதத்தை நான் எழுதுகிறேன், நீங்கள் எதுவும் எழுதிவிடாதீர்கள்.
ரம்யா: அப்பா, சாப்பிட்டீர்களா?
சரோஜா பெரியம்மா: இட்லி

லதா: அட்வான்ஸ் நான் கொடுத்துவிடுகிறேன். திதிப் பணத்தை இந்தத் தடவை என் எண்ணுக்கு அனுப்புங்கள்
மீனா அத்தை: மறுபடியும் 4,000மா?
ரவி சித்தப்பா: கொடுத்தவர்களிடம் திரும்பக் கேட்பது நியாயம் இல்லை. பேங்க் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.
கார்த்திக்: சமையல்காரர் அதுவரை இருப்பாரா?
முரளி மாமா: நான் ஞாயிற்றுக்கிழமை நேரில் வரும்போது கையில் கொடுத்துவிடுகிறேன்
சரோஜா பெரியம்மா: சைக்கிளையும்

ரம்யா: என் கல்யாணப் பத்திரிகையை யாராவது குழுவிலிருந்து எடுங்களேன். நுங்கம்பாக்கம் சித்தி இப்போதுதான் பார்த்துவிட்டு வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள்
கார்த்திக்: அட்மின்தான் எடுக்க முடியும்
லதா: அட்மின் அப்பா
லதா: அந்தப் போனில்தான்