வால்வு ரேடியோ மரப்பெட்டி: மேலே வெள்ளைப் படலம், ஓரத்தில் வெனீர் எழும்புகிறது. உதவி தேவை

காவேரிப்பட்டணத்திலிருந்து:

வணக்கம். பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்த மர்பி வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, உள்ளே கண்ணாடிக் குழாய்கள் உள்ள வகை) இப்போது என்னிடம் வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் வேலையை கிருஷ்ணகிரியில் ஒரு மெக்கானிக் பார்த்துத் தருகிறேன் என்றார். எனக்குப் பெட்டிதான் கவலை.

மேல்பலகை முழுக்கப் பால் தெளித்தது போல வெளுத்திருக்கிறது. நடுவில் டம்ளர் வைத்த வட்டம் தனியாகத் தெரிகிறது. முன்பக்கம் வலது கீழ் மூலையில் வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரச்சீவல்) இரண்டு விரல் அகலத்துக்கு எழும்பியிருக்கிறது, அழுத்தினால் டொக்கு டொக்கு என்கிறது. அடிப்பலகையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் சில. இத்தனைக்கும் வெடிப்பு எதுவும் இல்லை, மூலை இணைப்புகள் எல்லாம் கெட்டியாக இருக்கின்றன.

ஊரில் ஆசாரியிடம் காட்டினேன். மெஷின் வைத்துத் தேய்த்து, பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்துப் புதுசாக்கிவிடலாம் என்கிறார். எனக்குப் புதுசாக வேண்டாம். அது பெரியப்பா வீட்டு ரேடியோவாகவே இருக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து (பாலிஷ் வேலை செய்பவர்):

தம்பி, மெஷினைப் பெட்டிக்குக் கிட்டே விடாதீங்க. நீங்கள் பார்ப்பது கெட்டிப் பலகை இல்லை. உள்ளே பிளைவுட், அதன்மேல் தேக்கோ வால்நட்டோ சீவி ஒட்டிய வெனீர். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மெஷின் இரண்டு இழுப்பு இழுத்தால் ஓரத்தில் பிளைவுட் எட்டிப் பார்க்கும். போன வெனீர் திரும்ப வராது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தொழிற்சாலையில் செய்த ரேடியோக்களில் ஓரங்களும் அடிப்பகுதியும் நடுப்பகுதியைவிடக் கருப்பாக இருக்கும், கவனித்துப் பாருங்கள். அது மரத்தின் நிறம் இல்லை. சாயம் கலந்த லாக்கரை (சீக்கிரம் காயும் பளபளப்புப் பூச்சு) ஓரத்தில் மட்டும் கூடுதலாக ஸ்பிரே செய்திருப்பார்கள். சுரண்டி எடுத்தால் அந்த அழகும் சேர்ந்து போய்விடும்.

நீங்கள் சொல்லும் வெள்ளை, மரத்தில் இல்லை. மேல்பூச்சுக்குள் ஈரம் புகுந்து நின்றிருக்கிறது, அவ்வளவுதான். சரி, அந்தப் பூச்சு எது என்று முதலில் தெரிய வேண்டும். பின்பக்கம், கண்ணுக்குப் படாத இடத்தில், பஞ்சில் ஒரு சொட்டு பாலிஷ் ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அரக்கு பாலிஷ். ஒன்றும் ஆகாவிட்டால் பக்கத்திலேயே என்சி தின்னர் ஒரு சொட்டு. அதற்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பிற்காலத்தில் யாரோ வேறு ஏதோ அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தச் சோதனை முடியும் வரை வேறு எதையும் மேலே பூசாதீங்க, தேங்காய் எண்ணெய் உட்பட.

தருமபுரியிலிருந்து:

ஆசாரி சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் வீட்டு டைனிங் டேபிளுக்குப் பியூ அடித்தோம். சூடான பாத்திரம் வைக்கிறோம், தண்ணீர் கொட்டுகிறது, ஒன்றும் ஆகவில்லை. அரக்கும் லாக்கரும் இந்தக் காலப் பயன்பாட்டுக்குத் தாங்காது.

ஓசூரிலிருந்து:

டேபிளுக்கு நீங்கள் செய்தது சரிதான் சார், நானும் அதைத்தான் அடிப்பேன். ஆனால் ரேடியோ மேல் யாரும் குழம்புச் சட்டி வைக்கப் போவதில்லை. லாக்கரும் அரக்கும் அதனதன் கரைப்பானில் திரும்ப இளகும். ஐம்பது வருஷம் கழித்தும் பழைய பூச்சும் புதுப் பூச்சும் ஒன்றாகக் கலக்கும். பியூ ஒருமுறை இறுகினால் அப்படி இளகாது. நாளைக்கு ஒரு கீறல் விழுந்தால் முழுதாகச் சுரண்ட வேண்டியதுதான். அந்தச் சுரண்டலை இந்த வெனீர் தாங்காது. எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனசில்லை.

பாலக்கோட்டிலிருந்து:

ஓட்டைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது கரையான் இல்லை, மரத்தை மாவாக்கும் வண்டு. பெட்டியை ஒரு கருப்புத் தாள்மேல் வைத்து சில வாரம் விட்டுப் பாருங்கள். ஓட்டைக்கு நேர்கீழே புதிதாக மாவு கொட்டியிருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் மரப்பூச்சி மருந்து கிடைக்கும். சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் ஏற்றுங்கள். கையுறை கட்டாயம். மாவு கொட்டவில்லை என்றால் அவை பழைய ஓட்டைகள், மெழுகு வைத்து அடைத்தால் போதும்.

எதற்கும் முன்னால் சேசிஸ் (வால்வுகள் பூட்டிய உலோகத் தட்டு), ஸ்பீக்கர், குமிழ்கள், டயல் கண்ணாடி எல்லாம் பெட்டியை விட்டு வெளியே வந்தாக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் வால்வு செட்டின் பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதைக் கழற்றுவது மெக்கானிக்கின் கையால் நடக்கட்டும். குமிழ் இறுகியிருந்தால் ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்பாதீர்கள், பேக்கலைட் (அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) உடையும். பக்கவாட்டில் சின்ன ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் குமிழுக்குப் பின்னால் துணி நாடாவைச் சுற்றி நேராக இழுங்கள்.

டயல் கண்ணாடியில் ஊர்ப்பெயர்கள் இருக்கும் பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். எழுத்துகள் கண்ணாடியின் பின்பக்கம் அச்சிட்டவை. சோப்புத் தண்ணீர் பட்டாலே பல செட்டுகளில் உரிந்துவிடும். மறுபக்கத்தை மட்டும் துடையுங்கள். ஸ்பீக்கர் துணியையும் துவைக்க வேண்டாம், சுருங்கிப் போகும். மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:

அனைவருக்கும் நன்றி. மெக்கானிக் சேசிஸைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார். பெட்டியில் சோதனை செய்து பார்த்தேன். ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை, தின்னருக்கு உடனே இளகியது. கருப்புத் தாளில் மாவு எதுவும் விழவில்லை. உள்ளே ஒட்டியிருந்த தாளில் வால்வு எண்கள் இருக்கின்றன, அதில் இஎல்84 ஒன்று. இது எந்தக் காலத்துச் செட் என்று சொல்ல முடியுமா? வெனீரை ஒட்ட ஃபெவிக்விக் போடலாமா? இங்கே இப்போது மழை பிடித்திருக்கிறது.

ஓசூரிலிருந்து:

இஎல்84 வால்வு 1953-ல் வந்தது. அதனால் உங்கள் செட் அதற்குப் பிந்தியது. லாக்கர் என்பதும் பொருந்துகிறது.

ஃபெவிக்விக் வேண்டாம். மரத்துக்குள் இறங்கிக் கறையாகும், தப்பாக உட்கார்ந்தால் திருத்த நேரம் தராது. அந்தக் காலத்தில் பெரும்பாலும் வச்சிரம்தான், அதாவது மாட்டுத்தோல் எலும்பு காய்ச்சிய பசை. ஈரமும் சூடும் பட்டால் இளகும். எழும்பிய இடத்துக்குள் மெல்லிய பிளேடால் பழைய தூசியை வழித்தெடுங்கள். வெனீர் விறைப்பாக இருந்தால் மடக்காதீர்கள், ஈரத்துணி ஒற்றிக் கொஞ்சம் இளகவிடுங்கள். வெள்ளை ஃபெவிகாலில் துளி தண்ணீர் கலந்து சிரிஞ்சில் ஏற்றி, பிதுங்குவதை உடனே துடையுங்கள். மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் தட்டையான கட்டை, பிறகு இறுக்கிப் பிடிக்கும் சி-கிளாம்ப். ராத்திரி முழுக்க இருக்கட்டும். பிளாஸ்டிக் தாளை மறந்தால் கட்டையும் பெட்டியும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

அது காய்ந்தபின் அழுக்கு. டர்பன்டைன் நனைத்த துணியால் பகுதி பகுதியாகத் துடையுங்கள். மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் வந்துவிடும், லாக்கர் கரையாது. முன்பக்கம் இதற்குமேல் ஒன்றும் கேட்காமலே நன்றாக வந்துவிடலாம். அப்படி வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

மேல்பலகை வெள்ளைக்குத்தான் தின்னர். மழை விடும் வரை பொறுங்கள். ஈரக் காற்றில் தின்னர் போட்டால் அது ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து மறுபடி ஈரத்தை இழுக்கும். இருக்கும் வெள்ளையோடு புது வெள்ளையும் சேரும். நல்ல வெயில் அடிக்கும் நாளில், நிழலில், காற்றோட்டமான திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் கூடாது. ரிடார்டர் தின்னர் என்று பெயின்ட் கடையில் கேளுங்கள், மெதுவாக ஆவியாகும் வகை. ஸ்பிரே கன் உள்ளவரிடம் கொடுத்து மெல்லிய பனிபோல ஒரு தடவை அடிக்கச் சொல்லுங்கள். துணியால் தேய்த்தால் இளகிய லாக்கர் இழுபட்டுத் திட்டாகும். வெள்ளை கரைந்து போனதும் கை வைக்காமல் ஒரு நாள் விடுங்கள். டம்ளர் வட்டம் லேசாக மிஞ்சலாம். அதை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கடைசியில் தேன்மெழுகு கலந்த பாலிஷை மெல்லிசாகத் தடவிப் பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

பாலக்கோட்டிலிருந்து:

சேசிஸைத் திரும்பப் பூட்டும்போது ஒன்று கவனியுங்கள். பின்பலகையில் இருக்கும் துளைகளை அழகுக்காக அடைத்துவிடாதீர்கள். வால்வுகளின் சூடு வெளியேற அதுதான் வழி. சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம், நாலு விரல் இடைவெளி விடுங்கள். முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது மெக்கானிக்கை 60 வாட் குண்டு பல்பு சீரிஸில், அதாவது கரண்ட் அந்த பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி, போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும், செட் தப்பிக்கும்.