பொருள்: ‘ரீ.பீ.எஸ். ரீசெற்’ – ‘மீட்டமைப்பு’ வேண்டாம்

அன்பின் குழுவினருக்கு,

ரீ.பீ.எஸ். என்பது எக்சிலேற்றர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பைக்கின் கணினிப் பெட்டிக்குச் சொல்லும் உணரி. ‘ரீ.பீ.எஸ். ரீசெற்’ என்பதற்கு நம் கலைச்சொற் பட்டியலில் உள்ள ‘மீட்டமைப்பு’ கராஜில் வேலையைக் கெடுக்கும். கொழும்பின் பஞ்சிகாவத்தைக் கராஜ்களில் ‘ரீசெற்’ என்றால் மூன்று வேலைகளில் எதுவாகவும் இருக்கலாம்: கணினிப் பெட்டியில் பதிந்த பிழைக்குறிகளை அழிப்பது, எக்சிலேற்றரை விட்டிருக்கும்போது உணரி தரும் வோல்ற்றளவை ‘இதுதான் பூச்சியம்’ என்று பெட்டிக்குக் காட்டுவது, பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஐட்லிங்குக்கு (எக்சிலேற்றரைத் தொடாதபோது ஓடும் ஓட்டத்துக்கு) தேவையான காற்றைப் பெட்டி தானாகக் கற்க விடுவது. குறியை மட்டும் அழித்துவிட்டு ‘ரீசெற் பண்ணியாச்சு’ என்று பைக்கைக் கொடுத்தால், ரேஸ் (எஞ்சின் சுற்று) ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

என் முன்மொழிவு: குறியழிப்பு, மூடுநிலைப் பதிவு, ஓய்வோட்டப் பயில்வு. ஐட்லிங்குக்கு ‘வெற்றோட்டம்’ சரிவராது, நியூட்ரலில் நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு முறுக்கினாலும் அது வெற்றோட்டம்தானே.

—

> மூடுநிலைப் பதிவு

இதில் ஒரு சிக்கல். எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் காற்றுத் தகடு முழுதாக மூடுவதே இல்லை. நிறுத்தத் திருகு அதை ஒரு மயிரிழை திறந்தே வைத்திருக்கும். ‘மூடு’ என்று எழுதினால் பயிற்சிப் பெடியன் அந்தத் திருகைத் தளர்த்தி, தகட்டை இறுக மூடிவிட்டுப் பதிவான். தகடு தன்னைச் சுற்றியுள்ள குழாயின் உட்சுவரைச் சுரண்டும், எஞ்சினும் நிற்கும். இன்னொருவன் ஐட்லிங் குறைவென்று அதே திருகை உள்ளே முறுக்குவான். உணரி தருவது 0.6 வோல்ற் அளவில் இருந்து 0.8 ஆகும். எக்சிலேற்றர் பிடித்திருக்கிறது என்று நம்பும் பெட்டி, ஐட்லிங் கட்டுப்பாட்டுக்கே வராது. அந்த நிலையில் பதிந்தால் பெட்டியின் கணக்கு நேராகிவிடும், காற்று மட்டும் கூடுதலாகவே போகும். 1,400 சுற்றில் ஓடவேண்டிய எஞ்சின் 2,000க்கு மேல் ஓடும். கம்பனி போட்ட பெயின்ற் முத்திரை உடைந்த திருகைக் கண்டால் முதற் சந்தேகம் அதன்மேல்தான்.

ஆகவே ‘அடிநிலைப் பதிவு’. தகட்டை ‘காற்றிதழ்’ என்று முன்பு யாரோ எழுதியதையும் விடுவோம். ரூ ஸ்ட்ரோக் எஞ்சினில் மெல்லிய இதழ்போல் இருக்கும் ரீட் வால்வுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

—

அடிநிலைப் பதிவு நல்ல சொல், ஏற்கிறேன். அப்படியே குறிப்புப் பகுதியில் வரிசையையும் சேர்ப்போம், ஏனெனில் பதிவுக்குப் பின்னர் வரும் ஐட்லிங் பிரச்சினைகளில் பல வரிசை மாறியதால் வருபவை. முதலில் காற்றுத் தகட்டின் விளிம்பில் படிந்த கரியைத் துடைக்கவேண்டும். கரியோடு பயிலவிட்டுப் பிறகு துடைத்தால் காற்று கூடி ரேஸ் ஏறும். எக்சிலேற்றர் கேபிளுக்குக் கைப்பிடியில் 2 முதல் 6 மில்லிமீற்றர் தளர்வு இருக்கிறதா, ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் அது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பற்றரி 12.4 வோல்ற்றுக்குக் குறையக்கூடாது. எஞ்சினுக்குக் காற்றுப் போகும் இன்ரேக் ரப்பரில் வெடிப்பு இருந்தால், கிளீனர் ஸ்பிரேயை மேலே அடித்ததும் சுற்று மாறும். அதை மாற்றாமல் பதிவதில் பயனில்லை. இவ்வளவும் சரியான பிறகே அடிநிலைப் பதிவு. பயில்வு கடைசி, அதுவும் எக்சிலேற்றரைத் தொடாமல். நிமிடக் கணக்கு மாடலுக்கு மாடல் வேறு, சேவைக் கையேட்டைப் பார்க்க என்று மட்டும் எழுதலாம்.

இன்னொரு சொல்லும் வேண்டும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஊர்ந்தே ஓடும் பைக்குகளில் உணரிக்குள் இருக்கும் கரித்தடம் (தொடுமுனை உரசி ஓடும் கரிப் பூச்சு) அடிநிலையை ஒட்டித்தான் முதலில் தேயும். இக்னிஷனைப் போட்டு, உணரியின் சிக்னல் வயரில் வோல்ற் மீற்றரை வைத்து மெல்ல முறுக்கினால், சீராக ஏறவேண்டிய வோல்ற்றளவு நடுவில் சட்டென்று விழுந்து எழும். எத்தனை தடவை பதிந்தாலும் அது தீராது, உணரியை மாற்றவேண்டும். ‘தடத் தேய்வு’ என்று போடலாமா?