கிரெய்னிங்: ரப்பர் திரிவதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களே,

ஃபார்முலா ஒன் டயர் சோதனை பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி நாளை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். 'பிளிஸ்டரிங்' எளிது. ரப்பர் உள்ளே அளவுமீறிச் சூடாகிப் புடைத்து வெடிக்கிறது. கொப்புளம் என்று போட்டுவிட்டேன். 'கிரெய்னிங்'தான் படுத்துகிறது. போதிய சூடு ஏறாத டயர் பக்கவாட்டில் இழுபட்டு வழுக்கும்போது மேல்ரப்பர் கிழிந்து, சின்னச் சின்ன உருண்டைகளாக டயர்மேலேயே ஒட்டிக்கொள்ளும். பிடிப்பு குறையும். சில சுற்றுகளில் அவை தேய்ந்து, பிடிப்பு திரும்புவதும் உண்டு. கொப்புளம் அப்படி ஆறாது. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும். 'மணியாதல்' சரிவருமா?

----

ஐயா,

மணி வேண்டாம். நெல்மணி, கோயில்மணி, கடிகார மணி என்று அதற்கு ஏற்கெனவே சுமை அதிகம். 'அரி' இருக்கிறதே! சிலம்பின் உள்ளிடு பரலுக்கு அரி என்று பெயர். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து அரி, கண்ணகியின் சிலம்பில் மாணிக்க அரி. கரையான் அரிப்பதும் ஆறு கரையை அரிப்பதும் இதே சொல்தான். அரிக்கும் செயலும் அரி, உதிரும் துகளும் அரி. அரிசியும் இதே வேர்தான் என்பது என் நெடுநாள் எண்ணம். 'அரிபடல்' என்று வையுங்கள். 'டயர்' எதற்கு? உருளிப்பட்டை என்றே எழுதலாம்.

----

> உருளிப்பட்டை என்றே எழுதலாம்

பந்தயம் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கும் டயர் தெரியும். அதில் கைவைத்தால் கட்டுரையையே மூடிவிடுவார்கள். 'அரி'யிலும் சிக்கல்: அரித்துப்போன மண் கரைக்குத் திரும்பாது, இங்கோ பிடிப்பு திரும்புகிறது. அழிரப்பரைத் தாளில் தேய்த்தால் என்ன வருகிறது? திரிதிரியாகத்தானே? 'ரப்பர் திரிதல்' போதும்.

----

பால் திரிந்தால் மீளுமா?

----

மீளாதுதான். ஆனால் தோன்றல், திரிதல், கெடுதல் என்று விகாரத்தை மூன்றாகப் பிரித்த மொழி இது. திரிந்தது கெட்டதாகாது, மண் + குடம் மட்குடமான பிறகும் அது மண்தான்.

அப்புறம், வேறொன்று. உங்கள் வரைவில் 305/720-18 என்பதன் நடு எண்ணுக்கு 'உயர விகிதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது சாலைக் கார் டயருக்கு. 205/55 ஆர்16 என்றால் 55 என்பது அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை விழுக்காடு என்ற கணக்கு. பந்தய டயரில் 720 என்பது மில்லிமீட்டரில் முழு விட்டம். 305 அகலம், 18 அங்குலத்தில் விளிம்பு. 2022இல் 13 அங்குலத்திலிருந்து 18க்கு மாறியது இந்த விளிம்புதான். சொல் எதுவானாலும் இதைத் திருத்திவிடுங்கள்.

----

நண்பர்களே, மிக்க நன்றி. 'முழு விட்டம்' என்று திருத்திவிட்டேன். திரிந்தது கெட்டதாகாது என்ற விளக்கம் பொருந்துவதால் 'ரப்பர் திரிதல்' என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'கிரெய்னிங் எனப்படும்' என்று சேர்த்திருக்கிறேன்.

----

சரி, அனுப்புங்கள். என் வாக்கு அரிபடலுக்கே. நம் கலைச்சொல் தொகுப்பில் மாற்றுச்சொல்லாகவாவது பதிந்து வையுங்கள்.