ஹெட்லைட் பல்பு மாற்றிய அனுபவங்கள்: எதைப் போட்டோம், எதைக் கழற்றினோம்

கிளாசிக் 350, திண்டுக்கல்

இரண்டு வருடத்தில் என் பைக்கின் ஹெட்லைட்டுக்கு மூன்று விதமான பல்பு போட்டுப் பார்த்துவிட்டேன். புதிதாக மாற்ற நினைக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வேலை முடிந்து தினமும் இரவு பத்து மணிக்கு மேல்தான் வத்தலக்குண்டிலிருந்து கிளம்புவேன். செம்பட்டி வழியாகத் திண்டுக்கல் வரும்வரை தெருவிளக்கு இல்லாத தூரம் நிறைய. வண்டியோடு வந்தது ஹெச்4 வகை பல்பு, 60/55 வாட்; அதாவது தூரத்தைக் காட்டும் ஹை பீமுக்கு 60, அருகே தரையைக் காட்டும் லோ பீமுக்கு 55. அதில் ஒருநாள் லோ பீம் பியூஸ் போனது. மறுநாள் கடைக்குப் போனால், "அண்ணே, அதே பல்ப் எதுக்கு? 100/90 போடுங்க, ரோடு பகல் மாதிரி தெரியும்" என்றார்கள். போட்டேன். உண்மையிலேயே பகல் மாதிரிதான் இருந்தது, மூன்று வாரத்துக்கு. அப்புறம் ஒருநாள் ஓட்டும்போதே பிளாஸ்டிக் கருகும் வாசனை. டூமை (ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டரும் முன் கண்ணாடியும் சேர்ந்த ஹெட்லைட் கூடு) கழற்றிப் பார்த்தால், ஹோல்டர் பழுப்பேறி ஒரு பக்கம் இளகிப்போயிருந்தது. பல்பின் இணைப்பு முனைக்குப் போகும் வயரின் உறை விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது.

கணக்கு எளிமையானது. 60 வாட் என்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல். கம்பெனி போட்ட வயர், சுவிட்ச், ஹோல்டர் எல்லாமே முதல் கணக்குக்குச் செய்தவை. பல்பை மட்டும் பெரிதாக்கினால் அந்தச் சூடு போகும் வழியெல்லாம் நின்று எரிக்கிறது.

அடுத்தது எல்.இ.டி. பின்னால் குட்டி ஃபேன் வைத்தது. அந்த ஃபேன் இடித்ததால் டூமின் பின்பக்க ரப்பர் மூடி உட்காரவில்லை. மூடியை வெட்டித்தான் மாட்டினார்கள். முதல் இரவில் முன்சக்கரத்துக்கு அருகே தரை பளிச்சென்று சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது, எனக்கும் சந்தோஷம். ஆனால் நூறு அடி தாண்டி ஒன்றும் பிடிபடவில்லை. லோ பீமில் போகும்போதே சாலையோர மரத்தின் உச்சி இலை வரை வெளிச்சம் படுவதைக் கவனித்தேன். அது எவ்வளவு தப்பான அறிகுறி என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து செம்பட்டிக்கு முன்னால் ஒரு வளைவு. எதிரே எக்ஸ்.எல் மொபெட்டில் ஒரு பெரியவர், பின்னால் வாழை இலைக் கட்டு. என் வெளிச்சம் பட்டதும் வண்டி தள்ளாடி, ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி அப்படியே சரிந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான், கடவுள் புண்ணியம். திட்டுவார் என்று நினைத்தேன். இலைகளைப் பொறுக்கிக்கொண்டே, "தம்பி, நீங்க வர்றது தெரிஞ்சுது. ரோடுதான் தெரியல" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

மறுநாள் காலை பழைய ஹெச்4 பல்பையும் எல்.இ.டி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஹெச்4 கண்ணாடிக்குள் இரண்டு ஃபிலமென்ட் இருக்கும். முனைப்பக்கம் இருப்பது லோ பீம். அதற்கு அடியில் நகக்கண் அளவு ஒரு சின்னத் தகடு, கிண்ணம்போல வளைந்து நிற்கும். ஃபிலமென்ட்டின் ஒளி கீழே போகாமல் அது மறைத்துவிடுகிறது. அதனால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் ஒளி பட்டுத் தரையை நோக்கிச் சாய்ந்து இறங்குகிறது. எதிரே வருகிறவர் கண்ணைக் காப்பாற்றுவது அந்த நகக்கண் தகடுதான். நான் வாங்கிய எல்.இ.டி.யில் அதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் தட்டையான சிப். ஃபிலமென்ட் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை, மறைப்பும் பேருக்குத்தான். கம்பெனியிலிருந்தே எல்.இ.டி.யோடு வரும் வண்டிகளை நான் சொல்லவில்லை. அவற்றின் ரிஃப்ளெக்டரே அந்தச் சிப்புக்காகச் செய்தது. ஹாலஜன் டூமுக்குள் எல்.இ.டி.யைத் திணிப்பதுதான் பிரச்சினை.

இப்போது ஓடுவது பழையபடி 60/55. ஒரே மாற்றம், பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ் வைத்து வயர் இழுத்து, ரிலே (சின்னக் கரண்டால் இயங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வழியாக பல்புக்குக் கொடுத்திருக்கிறேன். ஹேண்டில் சுவிட்ச் ரிலேயைத் தூண்டும் வேலையை மட்டும் செய்கிறது. முன்பு இன்ஜின் ஓடும்போது மீட்டர் வைத்தால் பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பின் இணைப்பு முனையில் 11.6. இப்போது அந்த முனையிலேயே 13.4 வருகிறது. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஹாலஜனின் வெளிச்சம் 30 சதவீதம் போல விழுந்துவிடும். இத்தனை நாளும் நான் பல்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குறை வயரில் இருந்தது.

ஸ்பிளெண்டர் (பழைய மாடல்), தென்காசி

அண்ணா, அந்தப் பெரியவர் சொன்னதைப் படித்ததும் மனசு என்னவோ போல் ஆகிவிட்டது.

என் பிரச்சினை வேறு. என்னுடையது ஏ.சி. லைட் வண்டி. ஹெட்லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து கரண்ட் வராது, இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து வரும். ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் வெளிச்சம் ஏறும், விட்டால் இறங்கும். ரயில்வே கேட்டில் வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போது லைட் மெழுகுவர்த்தி மாதிரி ஆகிவிடும். அதனால் 35/35 வாட் பல்பை எடுத்துவிட்டு 60/55 போட்டால் சரியாகும் என்று நினைத்தேன். என் வண்டிக்கு உள்ளது ஹெச்.எஸ்.1 வகை பல்பு, ஹெச்4 பல்பின் அடித்தகட்டில் நீட்டியிருக்கும் நாக்கு அந்த இடத்தில் நேராக உட்காராது. கடைக்காரர் அரத்தால் ராவி உட்காரவைத்தார்.

வெளிச்சம் முன்பைவிடக் குறைந்துபோனது. காயில் கொடுக்கிறதே 35 வாட் பல்புக்கான அளவு. அதில் பெரிய பல்பைக் கட்டினால் வோல்ட்டேஜைக் கீழே இழுத்துவிடுகிறது. ஃபிலமென்ட் செக்கச்செவேல் என்று எரிந்ததே தவிர ரோட்டில் விழவில்லை. பேட்டரியிலிருந்து எரியும் டி.சி. லைட்டாக மாற்ற வேண்டும் என்றால் காயிலின் எர்த்தைப் பிரித்து, ஃபுல் வேவ் ஆர்.ஆர். யூனிட் (காயிலின் ஏ.சி. கரண்டை டி.சி.யாக்கி வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைப்பது) போட வேண்டும், பேட்டரியும் நல்லதாக இருக்க வேண்டும். நான் அதுவரை போகவில்லை. நல்ல கம்பெனி ஹெச்.எஸ்.1 ஒன்றும், புது டூம் ஒன்றும் வாங்கிப் போட்டேன். பழைய டூமில் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு மங்கி, முன் கண்ணாடி மஞ்சளாகி இருந்தது. பல்பு மாற்றியதைவிட டூம் மாற்றியதில்தான் வித்தியாசம் தெரிந்தது.

ஸ்கூட்டர், கோயம்புத்தூர்

நான் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து விடிவதற்கு முன்பே கிளம்பும் நாட்கள் உண்டு. என் பழைய ஸ்கூட்டரில் மஞ்சளாக எரிகிற பல்பு பிடிக்காமல், நீலக் கண்ணாடி பல்பு ஒன்று வாங்கிப் போட்டேன். அட்டையில் 5000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று இருந்தது. பார்க்க அழகாக, வெள்ளையாகத்தான் அடித்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள் வீட்டுக்கு வரும்போது ரோடே தெரியவில்லை. லைட் எரிகிறதா இல்லையா என்று இடது கையை முன்னால் நீட்டிப் பார்த்தேன். கையில் வெளிச்சம் படுகிறது, ஈர ரோட்டில் எதுவும் இல்லை. வேகத்தடை மேல் ஏறிய பிறகுதான் அது வேகத்தடை என்று தெரிந்தது. அன்றைக்கு வீடு வந்து சேர்ந்ததும் கை நடுக்கம் நிற்கவே நேரமாயிற்று.

அப்பா பழைய லாரி டிரைவர். பல்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பல்புக்கு கூலிங் கிளாஸ் மாட்டி விட்டிருக்குற மாதிரிம்மா" என்றார். அதுதான் நிஜம். ஹாலஜனின் இயல்பான நிறம் 3200 கெல்வின் அளவில், சற்று மஞ்சளாகத்தான் இருக்கும். நீலப்பூச்சு அந்த மஞ்சளைத் தடுத்து நிறுத்துவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. தடுத்தது போக மிச்சம்தான் ரோட்டுக்கு. மறுநாளே தெளிந்த கண்ணாடி 35/35 பல்புக்கு மாறிவிட்டேன்.

இன்னொன்று: கடைக்குப் போகும்போது பழைய பல்பைக் கையில் கொண்டு போங்கள். ஸ்கூட்டர் பல்புகளில் ஒரே வாட்டிலேயே, தகட்டில் ஒரு நாக்கு உள்ளதும் உண்டு, மூன்று நாக்கு உள்ளதும் உண்டு. வண்டி பெயரை மட்டும் சொல்லி வாங்கி நான் இரண்டு முறை அலைந்தேன்.

ஒர்க்‌ஷாப், மதுரை

தம்பி, தங்கச்சி எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன், கை பழகிய விஷயம் சிலதைச் சொல்கிறேன்.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். கை எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். அடித்தகட்டைப் பிடித்து மாட்டுங்கள். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். புது பல்பு ஒரே மாதத்தில் போய்விட்டது என்று என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன். அடுத்து ஆர்.ஆர். யூனிட்டைப் பார்ப்பேன். ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பிடிக்கும்போது மீட்டர் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எத்தனை பல்பு வாங்கினாலும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

2017 ஏப்ரல் 1 முதல் இங்கே விற்கிற டூவீலர்களில் இன்ஜின் ஓடும்வரை லைட்டை அணைக்க முடியாது. பகலெல்லாம் எரிவது லோ பீம் என்பதால் அந்த ஃபிலமென்ட்தான் முதலில் போகும். சீட்டுக்கு அடியில் ஒரு பல்பைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பல்பு மாற்றியதும் எல்லாரும் விட்டுவிடுவது டூமின் சாய்வு. சமமான தரையில், சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை ஸ்டாண்டில் போடாமல் நேராக நிறுத்துங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், தினமும் பின்னால் ஆள் ஏறுவார் என்றால் அவரும் ஏற வேண்டும். தரையிலிருந்து டூமின் நடுப்பகுதி எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு மூன்று நான்கு விரல்கடை கீழே விழ வேண்டும். ஆள் ஏறாமல் சரிபார்த்தால், ஏறியதும் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கிவிடும், எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். மத்திய மோட்டார் வாகன விதி 106 சொல்வதும் இதையே: 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கிற ஒருவரைக் கூசவைக்காதபடி ஒளி கீழே சாய்ந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு டூம் வாங்குகிறவர்களும் கவனியுங்கள். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள். நம் ஊர் டூமில் லோ பீம் இடதுபக்கம் சற்று மேலேறி ஓரத்தைக் காட்டும். வலதுபக்கம் ஓட்டுகிற நாட்டு டூம் என்றால் அந்த ஏற்றம் எதிரே வருகிறவர் பக்கம் போய்விடும்.

பல்சர் 150, ஊட்டி

குளிர்காலப் பனிமூட்டத்தில் கோத்தகிரி ரோட்டில் ஓட்டுகிறவன் என்ற முறையில் ஒன்று. மூட்டத்தில் ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் நிற்கும். எவ்வளவு விலை கொடுத்த பல்பாக இருந்தாலும் லோ பீமில், ரோட்டின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் போக வேண்டும்.

அட்டையில் "100 சதவீதம் கூடுதல் வெளிச்சம்" என்று வரும் ஹாலஜன்களும் உண்டு. ஃபிலமென்ட்டை நெருக்கிச் சுற்றி, ரோட்டின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒளியைக் குவித்திருப்பார்கள். வாட் கூடுவதில்லை, ஹோல்டருக்கு ஆபத்து இல்லை. ஆனால் சாதாரண பல்பு அளவுக்கு ஆயுள் வராது. நண்பன் தன் ஹெச்4 வண்டியில் போட்டிருக்கிறான், மலைப்பாதைக்கு அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கிளாசிக் 350, திண்டுக்கல்

மதுரை அண்ணா சொன்னபடி நேற்று சாயந்தரம் வீட்டுப் பின்சுவரில் சாக்பீஸ் கோடு போட்டுப் பார்த்தேன். நான் மட்டும் உட்கார்ந்தபோது சரியாக இருந்தது. மனைவி பின்னால் ஏறியதும் விளிம்பு கோட்டைத் தாண்டி ஒரு சாண் மேலே போனது. இத்தனைக்கும் நல்ல பல்பு, ரிலே எல்லாம் போட்ட பிறகு! டூமைப் பிடித்திருக்கிற ஸ்குரூவைத் திருப்பித் திருப்பி, கோட்டுக்கு நான்கு விரல்கடை கீழே கொண்டுவந்தேன்.

இரவு அவளையும் ஏற்றிக்கொண்டு அதே வழியில் செம்பட்டி வரை போனோம். அந்த வளைவில் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். மர உச்சி இருட்டாகவே இருந்தது. தார் ரோட்டின் ஓரத்து வெள்ளைக் கோடு மட்டும் வளைவு முடியும்வரை தெரிந்தது. எதிரே ஒரு லாரி, இரண்டு பைக், ஒரு எக்ஸ்.எல். கண் கூசுகிறது என்று யாரும் எங்களைப் பார்த்து டிம் பிரைட் அடிக்கவில்லை.